வீரம்மா சொன்னாள்

வீரம்மாவின் முகத்தில் ஒரு குறை இருந்தது. பயம் வந்தால் மேலுதடு இழுபட்டு மேலே போய்விடும். பல் முழுக்கத் தெரியும். தெரியாதவர்கள் பார்த்தால் சிரிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டவள் நான்தான்.

அவள் பிறந்தது மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரரின் வரிசைவீட்டில், லயத்தில். எழுபத்தேழு கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. தாய் தகப்பனோடு லொறியில் ஏறி வன்னிக்கு வந்து, முரசுமோட்டையில் வாய்க்கால் கரைக் காணியொன்றில் கூலிக்கு நின்றார்கள். அங்கேயே பழனியாண்டிக்கு வாழ்க்கைப்பட்டாள். அவனும் மலைநாட்டிலிருந்து வந்த குடும்பம்தான். ஒரேயொரு பிள்ளை, நிசாந்தினி. மாமியார் பேச்சியம்மா பக்கத்துக் கொட்டிலில் இருந்தா.

நாங்கள் முல்லைத்தீவுக் கடற்கரைச் சனம். தொண்ணூறில் சண்டையால் கரையை விட்டு எழும்பி, என் மனுசன் மரியநேசனோடும் தம்பி வின்சனோடும் முரசுமோட்டைக்கு வந்தபோது எனக்கு நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் நாள் களை பிடுங்கப் போய் ஒரு பாத்தி நெல்லைப் பிடுங்கி வரம்பில் போட்டுவிட்டேன்.

"அக்கா, புல்ல விட்டுட்டீங்க" என்று வீரம்மா சொன்னாள்.

அவ்வளவுதான். அவள் எதையும் ஒரே மாதிரித்தான் சொல்லுவாள். பகிடியும் அந்தக் குரல்தான், பசியும் அந்தக் குரல்தான். நான் பிடுங்கிய பாத்தியை அவளே திரும்ப நட்டாள். காணிக்காரன் வந்து பார்ப்பதற்குள் முடித்துவிட்டாள்.

ஒரு நாள் பொம்மர் வந்து எங்கள் தலைக்கு மேலே சுற்றியது. ஐந்து பேர் ஒரு பங்கர் குழிக்குள் குந்தியிருந்தோம். மண் கொட்டுண்டது. நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டு வீரம்மாவைப் பார்த்தேன். அவளுக்குப் பல் தெரிந்தது.

"என்னடி, இந்த நேரத்திலயோ சிரிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"சிரிக்கலக்கா. பயந்தா வாய் இப்புடிப் போயிருது. லயத்துல நெருப்பு வச்ச அன்னிக்கு வந்துச்சு, அப்புறம் போகவே இல்ல" என்று சொன்னாள்.

தொண்ணூற்றாறில் ஆமி வந்து கிளிநொச்சிச் சனம் எல்லாம் எழும்பியபோது நாங்களும் எழும்பினோம். ஸ்கந்தபுரத்தில் ஒரு காட்டுத் துண்டை வெட்டித் தறப்பாள் கூரை போட்டோம். வீரம்மா குடும்பம் எங்களுக்கு அடுத்த கொட்டில். மழை வந்தால் உள்ளே வெளியே என்று இல்லை, எல்லாம் ஒன்றுதான். முரசுமோட்டையில் விட்டுவந்த வீட்டுக் கூரையில் தகரம் இருந்தது. ஆமிக்காரன் காவலரணுக்குக் கிட்டத்தான், ஆனாலும் சனம் சுத்துப்பாதையால் போய்க் கழற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மாசி மாதம் பழனியாண்டியும் போனான். எங்கள் ஒழுங்கையில் இருந்த தங்கராசா அண்ணர் கூடப் போனார்.

மூன்றாம் நாள் பகல் தங்கராசா அண்ணர் தனியே வந்தார். இரண்டு சைக்கிளையும் இரண்டு கையால் உருட்டிக்கொண்டு வந்தார். ஒன்றின் பின்னால் ஒரு தகரம் கட்டியபடி இருந்தது.

வீரம்மா வாசலில் இருந்து நிவாரண அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கு ஒரு பால்பேணி, வெறும் பால் டப்பா, அந்தக் கணக்கில் மூன்று பேணி சுளகில் கிடந்தது. நான் பக்கத்தில் இருந்து கல் பொறுக்கினேன்.

"பிள்ளை, ஷெல் விழுந்தது. என்னால தூக்கிக்கொண்டு வர ஏலாமப் போச்சு" என்று தங்கராசா அண்ணர் சொன்னார்.

வீரம்மா சைக்கிளைப் பார்த்தாள். பிறகு சுளகைப் பார்த்தாள். ஒரு பேணி அரிசியை அள்ளிச் சாக்குக்குள் திரும்பக் கொட்டினாள்.

"அப்ப ரெண்டு பேணி போதும்" என்று சொன்னாள்.

அவளுடைய மேலுதடு மேலே போயிருந்தது.

சைக்கிளைக் கண்டு பேச்சியம்மா ஓடி வந்தா. அக்கம்பக்கத்துப் பெண்கள் மாரில் அடிக்கத் தொடங்கினார்கள். பேச்சியம்மா ஒரு விறகுக்கட்டையை எடுத்தா.

"பொணம் கண்ணுல காட்டாம எவளாச்சும் எம்புள்ளைக்கு ஒப்பாரி வச்சா நாக்க அறுத்துப்புடுவேன். அவன் வருவான். எல்லாரும் வாய மூடுங்கடி" என்று சொன்னா. வீரம்மாவின் முகத்துக்கு நேரே கட்டையை நீட்டி, "உனக்குந்தான்" என்று சொன்னா.

வீரம்மா வாயை மூடினாள். எட்டாம் நாள் சடங்கு இல்லை, முப்பத்தோராம் நாள் சடங்கு இல்லை. பொட்டையும் அழிக்கக் கிழவி விடவில்லை. புருசன் செத்தவளுக்கு அழக்கூட உத்தரவில்லாமல், அடுத்த நாளே அவள் வயலுக்குக் கூலிக்குப் போனாள். பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, பேச்சியம்மாவுக்கு மகன் உயிரோடு இருக்கிறான். இரண்டுக்கும் நடுவில் அவள் சோறு சமைத்தாள்.

எங்கள் ஒழுங்கைக்குள் பத்மாசனி ரீச்சர் என்று ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை இருந்தார். கதை எழுதுவார். சனசமூக நிலையத்துக் கொட்டிலுக்கென்று அவர் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். வன்னிக்குக் கடதாசி கொண்டுவரத் தடை, அதனால் பத்திரிகை ஒரேயொரு பிரதிதான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, ஆனால் எழுத்து உருண்டையாக இருக்கும் என்று அவர் சொல்லுவார். பழைய படிவங்களின் பின்பக்கத்தில் அவர் எழுதித் தருவதை நான் கொப்பித் தாளில் அழகாகப் பார்த்து எழுதிக் கொடுப்பேன். ஒரு பிரதியை எத்தனை பேர் வாசிப்பது? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சனத்தைக் கூட்டி வைத்து என் தம்பி வின்சன் சத்தமாக வாசிப்பான். ஊரில் கூத்தில் பெண் வேசம் கட்டினவன் அவன். எந்தக் குரலும் வரும்.

ஒரு நாள் நிவாரண வரிசையில் நிற்கும்போது வீரம்மா அன்று சொன்னதை நான் ரீச்சருக்குச் சொன்னேன். மனப்பாரத்தில் சொன்னேன். "ரெண்டு பேணி போதும் எண்டு சொன்னவள் ரீச்சர். முகம் சிரிக்கிற மாதிரி இருந்தது" என்று சொன்னேன். பங்கரில் கண்டதைச் சொல்லவில்லை. வரிசை நகர்ந்துவிட்டது.

தைப்பொங்கல் இதழுக்கு ரீச்சர் தந்த தாள்களில் அது இருந்தது. பெயர் ராக்கு என்று மாற்றியிருந்தார். மற்றதெல்லாம் அப்படியே: இரண்டு சைக்கிள், ஒரு தகரம், சுளகு. "அப்ப ரெண்டு பேணி போதும்" என்று சிரித்தாள் ராக்கு. அப்படி இருந்தது.

பேனையை வைத்துவிட்டு ரீச்சரிடம் போனேன்.

"ரீச்சர், நான் சிரிக்கிற மாதிரி எண்டெல்லோ சொன்னனான்" என்று சொன்னேன்.

"மாதிரி எண்டு எழுதினா வாசிக்கிறவன் நித்திரையாப் போவான், அருளம்மா. ஒண்டில் சிரிக்க வேணும், ஒண்டில் அழ வேணும்" என்று ரீச்சர் சொன்னார்.

"சொன்னாள் எண்டு மட்டும் போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"சொன்னாள், சொன்னாள், சொன்னாள். நீங்கள் என்ன, சங்கக்கடைச் சாமான் பட்டியலோ எழுதுறீங்கள்?" என்று கேட்டார்.

அவருடைய கதையில் ஒருவன் கர்ச்சித்தான், ஒருத்தி கொக்கரித்தாள், ஒரு கிழவர் முழங்கினார். சும்மா பேசினவர் ஒருவருமில்லை. படித்த மனுசி, அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். திரும்பி வந்து, சிரித்தாள் என்ற சொல்லை என் உருண்டை எழுத்தில் எழுதினேன். மற்றச் சொற்களைவிட வடிவாக வந்தது.

ஞாயிறு பின்னேரம் நாலு மணி. கொட்டில் நிறையச் சனம். முன்வரிசையில் பாயில் பிள்ளைகள், அவர்களுக்குள் நிசாந்தினி. ஒன்பது வயது. பேச்சியம்மா வாசல் பக்கம். வீரம்மா வயலில் இருந்து நேரே வந்து கடைசியில் நின்றாள், கையில் மண்வெட்டி.

வின்சன் வாசித்துக்கொண்டு போனான். சைக்கிள் வந்தது. தகரம் வந்தது. சனம் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தது. "அப்ப ரெண்டு பேணி போதும்" என்பதை அவன் முதலில் மெல்லமாகத்தான் வாசித்தான், யார் எப்படிச் சொன்னது என்று அவனுக்கு இன்னும் தெரியாதுதானே. அடுத்த சொல்லில் கண் போனது. சிரித்தாள். அவனுக்குச் சரிக்கட்ட வேண்டும். நல்ல நடிகன், விட மாட்டான்.

"பொறுங்கோ, பொறுங்கோ" என்று சொன்னான். தாவணியை இழுத்து விடுவதுபோலத் தோளைத் தடவினான். அந்த வரியைப் பெண் குரலில் திரும்ப வாசித்தான். முடிவில் ஒரு சிரிப்புச் சிரித்தான். நீட்டமான, கழுத்தை ஒரு பக்கம் வெட்டிச் சிரிக்கும் சிரிப்பு.

சனமும் சிரித்தது. பகிடி என்று நினைத்துச் சிரித்தவர்கள் பாதி. வின்சனின் குரலுக்குச் சிரித்தவர்கள் பாதி.

"தோட்டக்காட்டுச் சனத்துக்கு அழத் தெரியுமே?" என்று ஒருவர் கேட்டார்.

"மனுசன் போனா அரிசி மிச்சம்" என்று இன்னொருவர் சொன்னார்.

எல்லாரும் வீரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பது, அறுபது முகம் ஒரேயடியாக. அவளுக்குப் பயம் வந்தது. மேலுதடு இழுபட்டு மேலே போனது.

"அங்க பாருங்கோ, இப்பவும் சிரிக்கிறா" என்று ஒரு பெண் சொன்னாள்.

நிசாந்தினியும் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை கண்டது தாயின் பல்லை.

அதற்குப் பிறகுதான் பேச்சியம்மாவுக்கு மகன் செத்தான். ஒரு வருசமாய் வருவான், வருவான் என்று இருந்தவ, அன்று பின்னேரம் மண்ணில் விழுந்து புரண்டு ஒப்பாரி வைத்தா. ஒப்பாரியில் எல்லா வரியும் வீரம்மாவின் சிரிப்பில் வந்து முடிந்தது. கட்டையை நீட்டி வாயை மூட வைத்ததை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தவர்கள் பேசவில்லை. நான் பேசவில்லை.

அடுத்த நாள் காலை நிசாந்தினி என் வாசலுக்கு வந்தாள். பின்னாலே பேச்சியம்மா.

"அம்மா சிரிக்கலன்னு சொல்றாங்க. பயந்தா அப்புடித்தான்னு சொல்றாங்க. அருளம்மா பெரியம்மா அங்கதான் இருந்தாங்க, போய்க் கேளுன்னு சொன்னாங்க" என்று நிசாந்தினி சொன்னாள்.

நான் வாயைத் திறக்கும் முன்னே பேச்சியம்மா முன்னுக்கு வந்தா.

"கதையெல்லாம் வேணாம். நீ வேதக்காரி, பொய் சொல்ல மாட்ட. உங்க மாதா மேல ஆணையா ஒன்னே ஒன்னு சொல்லு. எம்புள்ள செத்த சேதி வந்தப்ப அவளுக்குப் பல்லு தெரிஞ்சுச்சா, இல்லியா?" என்று கேட்டா.

மாதாவின் பெயரைக் கேட்டதும் செபமாலையைப் பிடித்துக்கொண்டேன். பொய்ச்சத்தியத்துக்கு அவ்வளவு பயந்தவள் நான். பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

"தெரிஞ்சது" என்று சொன்னேன்.

"ஆனா" என்று தொடங்கினேன். பேச்சியம்மா பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒழுங்கையின் பாதிக்குப் போய்விட்டா. பின்னால் ஓடியிருக்கலாம். அடுப்பில் கஞ்சி பொங்கியது. நான் கஞ்சியை இறக்கினேன்.

ஆமியின் பக்கம் இருந்த வவுனியாவில் பேச்சியம்மாவின் மூத்த மகன் முகாமில் இருந்தான். வயதுபோனவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அங்கே போக அனுமதிப் பாஸ் எடுப்பது லேசு. வீரம்மாவின் வயதுக்குக் கிடைக்காது. இரண்டு கிழமைக்குள் அலுவல் முடிந்தது. வீரம்மா வேலைக்குப் போன நேரம் பார்த்துக் கிழவியும் பிள்ளையும் வெளிக்கிட்டார்கள். பிள்ளையை இழுத்துக்கொண்டு போகவில்லை. பிள்ளை தானாகவே பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது. நான் வேலிக்குள் நின்று பார்த்தேன்.

பின்னேரம் வீரம்மா வந்தாள். கொட்டிலுக்குள் போய் வெளியே வந்தாள்.

"போயிட்டாளா" என்று சொன்னாள். என்னிடம் கேட்கவில்லை. சொன்னாள்.

மூன்று மாதம் போக, அவள் என்னையும் கூட்டிக்கொண்டு ரீச்சரிடம் போனாள். உள்ளே வரச் சொல்லியும் வாசலில்தான் நின்றாள்.

"ரீச்சர், அந்த ஒரு வார்த்தைய மட்டும் அழிச்சிருங்க. நான் சிரிக்கலீங்க" என்று சொன்னாள்.

"அது நீயில்லை. அது ராக்கு. கதைக்கும் உனக்கும் என்ன?" என்று ரீச்சர் கேட்டார்.

"எம்புள்ளைக்கு அது தெரியாதுங்க" என்று வீரம்மா சொன்னாள்.

ரீச்சர் கெட்ட மனுசி இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு அந்தச் சொல்லை வெட்டி, எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "இப்ப சரி. எவ்வளவு உருக்கமா இருக்கு பாருங்கோ" என்று சொல்லி என்னை வாசிக்கச் சொன்னார். "அப்ப ரெண்டு பேணி போதும்" என்று நெஞ்சிலடித்துக் கதறினாள் ராக்கு. அப்படி மாற்றியிருந்தார்.

"நான் கதறவும் இல்லீங்க" என்று வீரம்மா சொன்னாள்.

"அப்ப என்னதான் செய்தனி?" என்று ரீச்சர் கேட்டார்.

"சொன்னேன்" என்று வீரம்மா சொன்னாள்.

"அதைப் போட்டா அதில என்ன கதை இருக்கு?" என்று ரீச்சர் கேட்டார்.

வீரம்மா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். வின்சன் அந்த இதழைத் திரும்ப வாசிக்கவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒருதரம் கேட்டது போதுமாய் இருந்தது. தண்ணி அள்ளப் போனால் பிள்ளைகள், "ரெண்டு பேணி, ரெண்டு பேணி" என்று சொல்லிவிட்டு வின்சன் சிரித்த மாதிரியே சிரித்தார்கள். அவளுக்குப் பயம் வரும். பல் தெரியும். பிள்ளைகள் இன்னும் சிரிக்கும்.

இரண்டாயிரமாம் ஆண்டு நடுப்பகுதியில் வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். நிசாந்தினியின் எழுத்து. வீரம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. என்னிடம் கொண்டுவந்து தந்துவிட்டு என் முன்னே குந்தினாள். நான் வாசித்தேன்.

"அம்மாவுக்கு. நான் சுகம். அப்பாயி சுகம். இங்க முகாமில் பள்ளிக்கூடம் இருக்கு. நான் ஆறாம் வகுப்பு. அம்மா இங்க வர வேண்டாம் என்று அப்பாயி சொன்னாங்க. நானும் அதைத்தான் சொல்றேன். நிசாந்தினி."

"திரும்ப வாசிங்கக்கா" என்று சொன்னாள். திரும்ப வாசித்தேன்.

"வர வேணாம்னு எப்புடிச் சொல்றா?" என்று கேட்டாள்.

"எப்படி எண்டால்?" என்று கேட்டேன்.

"கோவமா சொல்றாளா, பக்கத்துல கெழவி நின்னு சொல்ல வச்சாளா, அழுதுகிட்டுச் சொல்றாளா?" என்று கேட்டாள்.

கடிதத்தில் அது இல்லை. சொல்றேன் என்றுதான் இருந்தது. கடிதம் கொண்டுவந்தவரின் சட்டைப் பையில் வேர்த்து, ஒரு மூலையில் மை கசிந்திருந்தது. ஒருதரம் உண்மை சொல்லி இவளுடைய பிள்ளையைப் பறித்தேனே, இந்தத் தரமாவது ஆறுதல் சொல்லுவோம், மாதா பொறுத்துக்கொள்ளுவா என்று நினைத்தேன்.

"அழுதுகொண்டுதான் எழுதியிருக்கிறாள், வீரம்மா. இஞ்ச பார், எழுத்து நனைஞ்சிருக்கு" என்று சொன்னேன்.

அவள் அந்த மூலையை விரலால் தொட்டாள். முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். அன்றுதான் அவளுடைய உதடு தானாக, மெதுவாக விரிந்தது. பல் தெரியவே இல்லை. அதுதான் அவளுடைய சிரிப்பு. அதற்கு முன் நான் அதைக் கண்டதில்லை.

"அழுதான்னா வரச் சொல்றான்னுதான அர்த்தம்" என்று சொன்னாள்.

"இல்லை வீரம்மா, பொறு" என்று சொன்னேன். நான் சொன்னது பொய் என்று சொன்னால்தான் அவள் நிற்பாள். அதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

அடுத்த கிழமை அவளுடைய கொட்டில் வாசல் கட்டியிருந்தது. பாஸ் இல்லாமல் காட்டுப்பாதையால் போக ஆட்கள் இருந்தார்கள், அவர்களோடு சேர்ந்து போனாளாம். அரிசிச் சாக்கை என் படலையடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பேணி அதற்குள் கிடந்தது.

ஐந்தாம் நாள் பகல் நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். தங்கராசா அண்ணர் சைக்கிளை விட்டு இறங்கி வந்தார்.

"பிள்ளை, வீரம்மா மிதிவெடியில கால் வச்சிட்டாள். கூடப் போனவை விட்டிட்டு ஓடிட்டினம். ரெண்டு நாள் உயிரோட கிடந்தவளாம். பிறகு அந்தப் பாதையால போனவை சத்தம் கேட்டதெண்டு சொல்லுகினம்" என்று சொன்னார்.

"என்ன சத்தம்?" என்று கேட்டேன்.

"அது தெரியேல்லை. ஒருத்தன் கூப்பிட்டவள் எண்டுறான். மற்றவன் சிரிச்சவள் எண்டுறான்" என்று சொன்னார்.

"இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன்.

ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை என்று அவர் சொன்னார். கையில் இருந்த சட்டையை நான் இன்னொருதரம் பிழிந்தேன். தங்கராசா அண்ணர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார்.

அந்த நேரம் என் வாய் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர் அவர் ஒருவர்தான். வழியில் காணும்போதெல்லாம் கேட்க நினைக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.